காதில் நிற்கவும் வேண்டும், வலிக்கவும் கூடாது: ஹெட்செட் வடிவமைப்பு அரிச்சுவடி

இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு முறுக்கு தின்று பாருங்கள். நாலாவது கடியில் ஒரு பட் லேசாக வெளியே வந்திருக்கும், எட்டாவது கடியில் மடியில் கிடக்கும். எனக்கு இது எப்போதும் இடது காதில்தான் நடக்கும். வலது காதில் அதே மாடல் பட் ஆணி அடித்த மாதிரி அசையாமல் இருக்கும். ரொம்ப நாளாகப் பட்ஸ் மேல்தான் தப்பு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் படித்தபோதுதான், என் இரண்டு காதுகளும் ஒரே அளவில் இல்லை என்பதும், தாடை அசையும்போதெல்லாம் காதுத் துவாரமும் சேர்ந்து அசைகிறது என்பதும் புரிந்தது.

ஒயர் கிடையாது, தலைக்கு மேல் வளையமும் கிடையாது, காதை மட்டுமே நம்பி நிற்கிற ஹெட்செட்டை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அவர்களுக்கு இருக்கிற தலைவலியை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: விழாமல் இருக்க இறுக்கினால் வலிக்கும், வலிக்காமல் இருக்கத் தளர்த்தினால் விழும். இதற்கு நடுவில் எங்கேயோ சமரசம் செய்துகொள்வதுதான் வடிவமைப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடையைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் இறுக்க வேண்டிய தேவையே முக்கால்வாசி போய்விடும். எடையைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் ரப்பரைப் போட்டு இறுக்குகிறவர்களிடம் மாட்டிக்கொள்வது நம் காதுதான்.

முதலில் காது. கண்ணாடி முன்னால் போய் நின்று சுட்டுவிரலால் தடவிக்கொண்டே படியுங்கள். வெளி ஓரத்தில் மேலிருந்து சுருண்டு வருகிற விளிம்புக்கு ஹெலிக்ஸ் என்று பெயர். அதைத் தாண்டி உள்ளே வந்தால் இன்னொரு மேடு, அது ஆன்டிஹெலிக்ஸ். அதற்கும் உள்ளே கிண்ணம் மாதிரிக் குழிந்திருப்பது கான்கா. துவாரத்துக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி, பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷின் ஓடும்போது விரலால் அழுத்தி மூடிக்கொள்வோமே, அந்தச் சின்னக் கதவுதான் ட்ராகஸ். அதற்கு எதிரே கொஞ்சம் கீழே ஒரு முடிச்சு இருக்கும், ஆன்டிட்ராகஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. காம்பு வைத்த இயர்பட்ஸின் காம்பு கீழே இறங்குவது அந்தப் பள்ளம் வழியாகத்தான்.

தோடு குத்துகிற மடலை விட்டுவிட்டால் மீதிக் காது முழுக்கக் குருத்தெலும்புதான். தோலுக்கும் அதற்கும் நடுவில் மெத்தை மாதிரிக் கொழுப்பு எதுவும் பெரிதாகக் கிடையாது. போதாததற்குக் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய்களும் இல்லை, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சத்து வந்து சேர வேண்டும். அதனால் தொடை வெகுநேரம் தாங்குகிற அழுத்தத்தைக் காது அவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளாது. முதலில் சூடாகும், பிறகு சிவக்கும், அப்புறம்தான் வலி. நாம் கழற்றுவது வலிக்கிற கட்டத்தில், ஆனால் வடிவமைக்கிறவர் பார்க்க வேண்டியது சிவக்கிற கட்டத்தை.

இப்போது காதின் பின்பக்கம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும்: மடல் தலையோடு சேருகிற அந்த வளைவான பள்ளம். இங்கே கீழே மண்டையோடு இருக்கிறது, சுமையை உட்கார வைக்கத் தோதான இடம். துவாரத்துக்கு உள்ளே முட்டுக்கொடுத்து நிற்பதைவிட இங்கே தொங்குவது காதுக்கு எவ்வளவோ மேல்.

நம் ஊர் நகையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கனமான ஜிமிக்கி போட்டால் மடலில் இருக்கும் துளை இழுபட்டு நீண்டுவிடும் என்பதால் மாட்டல் போடுவார்கள். ஒரு முனை தோட்டில், சங்கிலி காதைச் சுற்றிக்கொண்டு மேலே போகும், மறுமுனை கொக்கியாகத் தலைமுடியில் மாட்டும். பார்க்க அழகுதான், ஆனால் அது செய்கிற வேலை என்ன? மடலில் விழுகிற பாரத்தில் ஒரு பங்கை எடுத்து முடிக்கு மாற்றிவிடுகிறது. ஹெட்செட்டில் காதுக்குப் பின்னால் போகிற கொக்கி செய்வதும் அதே வேலைதான். அது பிடித்து இறுக்குகிற கிடுக்கி கிடையாது, பாரத்தை வேறு இடத்துக்கு அனுப்புகிற வழி. அதைக் கிடுக்கியாக நினைத்துச் செய்த மாடல்களைப் போட்டால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சரி, எவ்வளவு எடையைப் பற்றிப் பேசுகிறோம்? 2011இல் வந்த வரிசையின் ஒரு ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட 3.8 கிராம். 2016இல் வந்த ஆப்பிளின் முதல் ஏர்பாட்ஸின் ஒரு பட் 4 கிராம், அதாவது காதுக்கு ஒரு நாணயம். போன் பேசுவதற்கென்றே மைக் தண்டோடு வருகிற ஒற்றைக் காது ஹெட்செட்கள் இதைவிடக் கனம். பிளான்ட்ரானிக்ஸ் வாயேஜர் 5200 சுமார் 20 கிராம், ஐந்து நாணயம். ஐந்து மடங்கு எடை இருந்தும் அதை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள் என்றால், அதன் பெரும்பகுதி காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்க முடியுமா? எடை மாறவில்லை, உடம்பிலிருந்து அது இருக்கிற தூரம்தான் மாறியது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் திருகுவிசை, காதில் ஹெட்செட்டைச் சுழற்றிக் கீழே தள்ளுவது இதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். கொக்கி காதின் மேல் வளைவில் உட்காருகிற புள்ளியைத் தராசின் நடு முள்ளாக வைத்துக்கொள்ளுங்கள். 20 கிராம் முழுவதும் அந்தப் புள்ளிக்கு 3 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் திருகு 60. ஹெட்செட் மூக்கு பக்கமாகக் கவிழப் பார்க்கும், அதைத் தடுக்கத் துவாரத்துக்குள் இருக்கிற முனை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முட்டுக்கொடுக்கும், அதுதான் வலி. இப்போது பேட்டரியைக் கழற்றிப் பின்னால் கொண்டுபோகலாம். முன்னால் 8 கிராம், 3 சென்டிமீட்டர் தள்ளி: 24. பின்னால் 12 கிராம், 2 சென்டிமீட்டர் தள்ளி: அதுவும் 24. தராசு நேராகிவிட்டது. மொத்த எடை அதே 20 கிராம்தான், ஆனால் முனைக்கு முட்டுக்கொடுக்கிற வேலை போய்விட்டது, சும்மா துவாரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். எடை குறைக்கிறேன் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் இந்தத் தராசைப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

காம்பு வைத்த பட்ஸ் இதே விஷயத்தை வேறு மாதிரி சமாளிக்கிறது. அதற்குப் பின்பக்கமே கிடையாது, அதனால் எடையின் ஒரு பகுதியைக் காம்பு வழியாகக் கீழே இறக்கிவிடுகிறார்கள். கீழே கனம் இருப்பதால் ஊஞ்சல் மாதிரி ஆடினாலும் திரும்ப நேராக வந்து நிற்கும்.

எடையை வைத்தாகிவிட்டது. இனி அது காதை எங்கெங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். மேடு பள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. அதே மாதிரி ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் தொட்டால் காதில் ஒரு பொருள் நிலையாக நின்றுவிடும். கொக்கி இருக்கும் ஹெட்செட் என்றால் மேல் வளைவு, துவாரத்தின் வாய், பின்பள்ளத்தின் கீழ்முனை. கொக்கி இல்லாத பட் என்றால் துவாரம், ட்ராகஸின் உள்பக்கம், அப்புறம் கான்காவின் மேல்மூலை. ஓடும்போது போடுகிற பட்ஸில் சின்னதாக வளைந்த ரப்பர்த் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அது போய் முட்டுக்கொடுப்பது இந்த மேல்மூலையில், ஆன்டிஹெலிக்ஸ் மேட்டுக்கு அடியில். வாங்கியதும் பலர் அது எதற்கென்று தெரியாமல் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள், ஆனால் நேராகத் திணிக்கவும் வேண்டாம். பட்ஸைக் காதில் வைத்துவிட்டுச் சாவி திருப்புகிற மாதிரி கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்பினால் துடுப்பு தானாகப் போய் அதன் இடத்தில் உட்காரும்.

தொடுகிற இடம் சரியாக இருந்தாலும் எவ்வளவு பரப்பில் தொடுகிறது என்பது இன்னொரு கேள்வி. ஐந்து கிலோ அரிசியை மெல்லிய கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையில் தூக்கினால் விரலை அறுக்கும். கைக்குட்டையை மடித்துக் கைப்பிடிக்குச் சுற்றினால் அதே ஐந்து கிலோவைப் பேருந்து நிறுத்தம் வரை தூக்கிவிடலாம். கொக்கியும் அப்படித்தான். மெல்லிசாக இருந்தால் அழகாக இருக்கும், காதை அறுக்கும். தடியாக இருந்தால் மெத்தென்று இருக்கும், ஆனால் மூக்குக் கண்ணாடியின் கம்பிக்கு இடம் இருக்காது. அதனால் பாரம் விழுகிற மேல் வளைவில் பட்டையாகவும், கண்ணாடிக் கம்பி கடந்துபோகிற இடத்தில் மெலிந்தும் செய்வது நல்ல வேலை. உள்ளே வில் மாதிரி வளைந்து திரும்புகிற உலோகக் கம்பி, மேலே சிலிகான் உறை, இதுதான் வழக்கமான கட்டுமானம். ரப்பரின் மென்மையை ஷோர் ஏ என்ற அளவுகோலில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மென்மை. வண்டி டயர் 60, 70 பக்கம் வரும், காதைத் தொடுகிற சிலிகான் அதைவிட வெகுவாக மென்மையாக இருக்க வேண்டும். ரொம்பவும் மென்மையாக இருந்தால் முடியும் தூசியும் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும்.

அடுத்தது துவாரம். பெரியவர்களுக்கு இது சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம், நேரான குழாய் கிடையாது, லேசாக இரண்டு முறை வளைந்து போகும். காது டாக்டர் பார்க்கும்போது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடிப்பாரே, அந்த வளைவை நிமிர்த்தத்தான். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, அது கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அதற்கு உள்ளே எலும்பு, அதன் மேலே இருக்கிற தோல் ரொம்ப மெல்லியது, தொட்டால் சுரீர் என்று இருக்கும். ஆகவே இயர் டிப், அதாவது துவாரத்துக்குள் போகிற முனை, எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெளிப் பங்கோடு நின்றுவிட வேண்டும். உள்ளே எதையாவது விட்டால் சிலருக்கு இருமல் வரும், கவனித்திருக்கிறீர்களா? தொண்டைக்குப் போகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துவாரத்துக்கும் வருகிறது, அதனால்தான்.

இப்போது முறுக்குக்கு வருவோம். சுண்டுவிரலைக் காதில் லேசாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். துவாரத்தின் முன்சுவர் அசைவது விரலுக்குத் தெரியும். தாடையின் மூட்டு அந்தச் சுவருக்கு நேர் முன்னால்தான் இருக்கிறது. மெல்லும்போதும் பேசும்போதும் துவாரம் விரிந்து சுருங்கி, கடினமான முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இதை மறந்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளின் காதுக்கு மட்டும் ஹெட்செட் செய்தால், அது பாட்டுக் கேட்க உதவலாம், பேச உதவாது. போன் பேசுகிற ஹெட்செட்டுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை உண்டா?

மென்மையான முனை இந்த அசைவோடு சேர்ந்து அசையும். யோசனை ஒன்றும் புதிது இல்லை. எர்னெஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சுக்காரர் 1891இல் காதுக்குள் வைக்கிற டெலிபோன் கேட்பானுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். காதில் உராய்வு குறையவும் வெளிச்சத்தம் அடைபடவும் முனையில் ரப்பர் உறை போட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார். நாம் இன்றைக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற டிப்ஸுக்கு நூற்றுமுப்பது வயது தாண்டிவிட்டது.

பெட்டியில் மூன்று அளவு டிப்ஸ் கொடுப்பார்கள், நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும், மீதி இரண்டும் பெட்டியிலேயே கிடந்து தூங்கும். இது பெரிய அநியாயம். மூன்றையும் போட்டுப் பாருங்கள், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று வேறு வேறு அளவு போட்டாலும் தப்பே இல்லை. பாட்டுக் கேட்கும்போது பேஸ் என்கிற கனத்த ஒலி காணாமல் போய்த் தகரச் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்பீக்கர் காரணமாக இருக்காது, முனை சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம், கீழ்ச்சுருதி ஒலி அந்த இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். ஃபோம் முனை என்றால் விரலால் உருட்டி நசுக்கி உள்ளே விட்டு, அது விரிகிற வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நன்றாக அடைத்தால் வேறு ஒரு தொல்லை வரும். காதைப் பொத்திக்கொண்டு பேசிப் பாருங்கள், உங்கள் குரலே பானைக்குள் பேசுகிற மாதிரி முழங்கும். எலும்பு வழியாகத் துவாரத்துக்குள் வருகிற நம் குரல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அடைபடுவதால் அப்படி. நாள் முழுக்கப் பேசுகிறவர்களுக்கு இது பெரிய எரிச்சல். அதற்காக உள்காற்று வெளியே போகச் சிறு துளை வைப்பார்கள். முதல் ஏர்பாட்ஸ் கடினமான பிளாஸ்டிக், அடைப்பே கிடையாது. 2019இல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோவில் சிலிகான் முனை வந்தது, கூடவே அழுத்தத்தைச் சமன் செய்கிற காற்றுத் துளையும் வந்தது. ஒற்றைக் காது ஹெட்செட்களில் பலவும் முழுதாக அடைக்காமல் துவாரத்தின் வாயில் சும்மா உட்காருகிற மாதிரி இருப்பதற்கும் இதுதான் ஒரு காரணம், வெளியே நடப்பதும் காதில் விழ வேண்டுமே.

அளவு பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரே ஆளின் இரண்டு காதுகளே ஒன்றாக இருப்பதில்லை, அப்புறம் ஊரில் இருக்கிற காதெல்லாம் எப்படி ஒன்றாக இருக்கும்? போதாததற்கு வயதாக ஆகக் காது நீளும். 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நான்கு மருத்துவர்கள் 206 பேரின் காதை அளந்த கதையை அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார், சராசரியாக ஆண்டுக்கு 0.22 மில்லிமீட்டர் கூடுகிறதாம். ஐம்பது ஆண்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்! சராசரிக் காதுக்கு அச்சு எடுத்தாற்போல ஹெட்செட் செய்தால் அது யாருக்குமே சரியாகப் பொருந்தாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. உடம்பை நடுத்தரமாகச் செய்து, காதைத் தொடுகிற பாகங்களை மட்டும், அதாவது கொக்கி, முனை, துடுப்பு இவற்றை, மாற்றவோ வளைக்கவோ முடிகிற மாதிரி விடுவதுதான் புத்திசாலித்தனம். ஒற்றைக் காது மாடல் என்றால் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஆகிற மாதிரி மைக் தண்டு மேலிருந்து கீழே புரள வேண்டும்.

நன்றாக நிற்பது சுகத்துக்காக மட்டும் இல்லை. மைக் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும், வாய் இருக்கும் திசையிலிருந்து வருவதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட அவை சேர்ந்து வேலை செய்கின்றன. ஹெட்செட் காதில் கொஞ்சம் சுழன்றுவிட்டால் அந்தத் திசை கழுத்தையோ கூரையையோ பார்க்கும், எதிர்முனையில் இருப்பவர் ‘என்னங்க, கிணத்துக்குள்ள இருந்து பேசுறீங்களா’ என்பார். ஆன்டெனா கதையும் இதுதான். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, நம் உடம்பில் இருக்கிற தண்ணீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். ஆன்டெனாவைத் தோலிலிருந்து எவ்வளவு விலக்கி வெளிப்பக்கம் வைக்கிறார்களோ அவ்வளவு நல்லது. வலது காதில் ஹெட்செட், இடது பாக்கெட்டில் போன் என்றால் நடுவில் முழு ஆளே சுவராக நிற்கிறார், விட்டு விட்டுக் கேட்டால் முதலில் பாக்கெட்டை மாற்றுங்கள்.

துவாரத்தையே தொடாத ரகங்களும் இப்போது நிறைய வருகின்றன, காது ஓரத்தில் கிளிப் மாதிரிக் கவ்வுவது, கன்ன எலும்பு வழியாக ஒலியை அனுப்புவது என்று. துவார வலி இல்லை, பேஸும் அவ்வளவாக இல்லை. கிளிப்பில் திரும்பவும் இறுக்குகிற வேலைதான் என்பதால் எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை.

இதையெல்லாம் படிப்பதைவிட ஒரு தடவை செய்து பார்த்தால் சட்டென்று புரியும். வளைகிற கட்டுக்கம்பி ஒரு சாண், அதற்கு மேலே சுற்றப் பழைய சைக்கிள் டியூப், இறுகப் பிசைந்த சப்பாத்தி மாவு கொஞ்சம், ஐந்து ஒரு ரூபாய் நாணயம். கம்பியைக் காதைச் சுற்றி வளைத்து, முனைகளைச் சுருட்டி டேப் ஒட்டிவிடுங்கள், குத்திக்கொண்டால் நான் பொறுப்பில்லை. நாணயங்களை மாவில் பொதிந்து முதலில் ஐந்தையும் முன்பக்கம் வையுங்கள், அப்புறம் மூன்றைப் பின்பக்கம் மாற்றுங்கள். முன்னால் இருந்தபோது நான் தலையைக் குனிந்ததும் கீழே விழுந்தது, மாற்றிய பிறகு மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கியும் விழவில்லை. ஒரு மணி நேரம் மாட்டியிருந்துவிட்டுக் கழற்றியதும் காதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே பரப்பு போதவில்லை. தலையை உலுக்குவது, சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவது, கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பச் செய்வது, வியர்வையும் தலைக்கு வைத்த எண்ணெயும் இருக்கும்போது செய்வது, எல்லாம் தனித்தனிச் சோதனை.

எனக்கு ஆறாவது வளைப்பில் சரியாக வந்தது. பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். கொக்கி மேலே நன்றாக உட்கார்ந்தது, ஆனால் அவர் காது என் காதைவிட நீளம், முனை துவாரத்துக்கு ஒரு விரல் மேலேயே நின்றுவிட்டது. ‘இதுல என்னடா கேட்கும்’ என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கம்பியை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன், மாவு காய்ந்துவிட்டது, புதிதாகப் பிசைய வேண்டும்.